கார் ஏசியில் பூஞ்சை வாடை: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்கலைப் பக்கம் கார் ஏசி வேலை செய்கிறேன். ஜூன் மாதச் சாரல் தொடங்கிவிட்டால், "ஏசி நல்லா குளிருது, ஆனா நாத்தம் தாங்க முடியல" என்று வண்டிகள் வரிசையாக வரும். கேட்கிறவர்கள் வேறு வேறு, சந்தேகங்கள் மட்டும் அவையேதான். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாப் பதிலுக்கும் அடிப்படை ஒன்று: வாடை வருகிறதென்றால் வண்டிக்குள் எங்கோ தண்ணீர் தங்கியிருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதற்கு முன் எதற்கும் பணம் செலவழிக்காதீர்கள்.

ஏசி போட்ட உடனே ஈரத்துணி வாடை வருது, ரெண்டு நிமிஷத்துல போயிருது. அது என்னதுக்கு?

டேஷ்போர்டுக்குள், பெரும்பாலும் க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால், கூலிங் காயில் இருக்கிறது. மெல்லிய அலுமினியத் தகடுகளை நெருக்கமாக அடுக்கிச் செய்த பாகம் அது. ஏசி ஓடும்போது பூஜ்ஜியம் டிகிரிக்குச் சற்று மேலே வரை குளிர்ந்துவிடும். ப்ளோயர் தள்ளுகிற காற்று அதன் ஊடே போகும்போது, ஐஸ் தண்ணீர் ஊற்றிய தம்ளரின் வெளிப்புறம் வேர்ப்பது போல, காற்றிலுள்ள ஈரம் தகடுகளில் நீராகப் படியும். அந்த நீர் அடித்தட்டில் சேர்ந்து ட்ரெயின் ட்யூப் என்கிற ஒரு சிறு குழாய் வழியாக ரோட்டில் சொட்டும்.

வண்டியை நிறுத்திய பிறகு மிச்ச ஈரம் உள்ளேயே நிற்கிறது. இருட்டு, ஈரம், தகடுகளில் ஒட்டிய தூசி என மூன்றும் சேர்ந்தால் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர வேறெதுவும் வேண்டாம். காலையில் ஃபேன் சுற்றியதும் ராத்திரி முழுக்க அங்கே தேங்கிய காற்று முகத்தில் அடிக்கிறது. காயில் குளிர்ந்து புதிதாகத் தண்ணீர் படிந்ததும் வாடை அடங்கும். அடங்குகிறதே தவிர, போய்விடவில்லை.

வண்டி வாங்கி ஒரு வருஷம்கூட ஆகல. அதுக்குள்ள எப்படி?

புது வண்டி, பழைய வண்டி என்று பூஞ்சை பார்ப்பதில்லை. நம் மாவட்டத்துக்கு ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை என்று இரண்டும் உண்டு. மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த முனை வேறு. திருவட்டாறு, குலசேகரம் பக்கம் ரப்பர் மரங்களுக்கு நடுவே நிற்கிற வண்டியில் சூரிய வெளிச்சமே சரியாக விழாது. கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருநெல்வேலி போய் வருகிற வண்டிக்கு அந்தக் காற்றில் வருகிற தூசி தாராளமாகக் கிடைக்கும். தூசி கிழக்கே, ஈரம் மேற்கே. இரண்டு பக்கமும் ஓடுகிற வண்டிக்கு ஒரு மழைக்காலம் போதும்.

ஏசி கேஸ் குறைஞ்சதனால ஆக்கும் வாடைன்னு ஒருத்தர் சொன்னார். கேஸ் போட்டா சரியாகுமா?

ஆகாது. ஏசியில் ஓடுகிற ஆர்-134ஏ போன்ற வாயுக்கள் மூடிய குழாய்களுக்குள் சுற்றுகின்றன. நீங்கள் மூச்சிழுக்கிற காற்றோடு அவை கலப்பதில்லை. அவற்றுக்குச் சொல்லும்படியான வாசனையும் கிடையாது. கேஸ் குறைந்தால் குளிர் குறையும். குளிர் சரியாக இருக்கிற வண்டிக்கு, வாடைக்காக கேஸ் நிரப்பச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அளவுக்கு மேல் ஏற்றினால், அந்த வாயுவை அழுத்திச் சுற்றவிடுகிற கம்ப்ரஸருக்குத்தான் கேடு.

நல்ல பெர்ஃப்யூம் ஒண்ணு வாங்கி வெச்சா போதாதா?

இரண்டு வாடையும் கலந்து மூன்றாவதாக ஒன்று வரும், அது இன்னும் மோசம். வென்ட்டில் மாட்டுகிற ஜெல், எண்ணெய் வகைகள் சிந்தினால் பிளாஸ்டிக் கறைபடும்; பிசுபிசுப்பில் தூசி ஒட்டும். பாச்சா உருண்டையைக் காருக்குள் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். வெயிலில் மூடிக் கிடக்கிற வண்டிக்குள் அந்த ஆவி தலைவலியையும் குமட்டலையும் கொண்டுவரும், கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. தயவுசெய்து வேண்டாம்.

வாடையை மறைத்துவிட்டால் அது கூடுகிறதா குறைகிறதா என்று உங்களுக்கே தெரியாமல் போகும். எங்களிடம் வண்டி கொண்டுவரும்போதும் இரண்டு நாள் முன்பே பெர்ஃப்யூமை எடுத்துவிட்டு வாருங்கள். எங்களுக்கும் மோந்து பார்த்துத்தான் தெரியவேண்டியிருக்கிறது.

ஏசி ஃபில்டர் எங்க இருக்கு? நானே மாத்தலாமா?

தாராளமாக. பெரும்பாலான கார்களில் க்ளவ் பாக்ஸைக் காலிசெய்து, இரண்டு பக்கமும் உள்ளே அழுத்தினால் அது கீழே தொங்கும். பின்னால் ஒரு நீளமான பிளாஸ்டிக் மூடி. அதைத் திறந்தால் ஃபில்டர் வெளியே வரும். ஓரத்தில் அம்புக்குறி போட்டிருப்பார்கள். பழையது எந்தத் திசையில் இருந்ததோ அதே திசையில் புதியதைச் செருகுங்கள். சிறிய கார்களுக்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும். கரி கலந்த கறுப்பு நிற ஃபில்டர் கொஞ்சம் விலை கூடும். வெளியிலிருந்து வருகிற புகை வாடையை அது பிடிக்கும், காயிலில் வளர்ந்த பூஞ்சையை ஒன்றும் செய்யாது.

வருடத்துக்கு ஒருமுறை அல்லது 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுங்கள். ரப்பர் தோட்டத்தில் வண்டி நிறுத்துகிறவர்கள் இடையில் ஒருமுறை உருவிப் பாருங்கள். மடிப்புகளுக்கு இடையில் நைந்த இலைத்துணுக்கு, காய்ந்த பூ, எறும்புப் புற்று எல்லாம் இருக்கும். அந்தக் குப்பை நனைந்தால் ஃபில்டரே வாடையின் ஊற்றாகிவிடும்.

பழைய ஃபில்டரை சோப்புத் தண்ணியில கழுவி வெயில்ல காயவெச்சுப் போடலாமா?

காகித வகையைக் கழுவக்கூடாது. இழைகள் விரிந்து, தூசியைப் பிடிக்கிற திறன் போய்விடும். உள்மடிப்பு சரியாகக் காயாமல் போட்டால் நீங்களே ஈரத்தை உள்ளே வைத்த மாதிரி. காற்றடித்துத் தட்டிப் போடுவது அவசரத்துக்கு ஒருமுறை சரி.

எங்க வண்டியில ஃபில்டரே இல்லன்னு சொல்லுகாங்க. உள்ளதா?

இருக்கலாம். பழைய கார்களிலும், சில கார்களின் விலை குறைந்த மாடல்களிலும் ஃபில்டர் பொருத்தாமல் விட்டிருப்பார்கள். சிலவற்றில் இடம் மட்டும் இருக்கும், அந்த மாடலுக்கு உரிய ஃபில்டரை வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். இடமே இல்லாத வண்டியில் தூசி நேராகக் காயிலுக்குப் போகும். அதனால் அத்தகைய வண்டிகளுக்குக் காயில் சுத்தம் செய்யும் வேலை அடிக்கடி வரும்.

வண்டிக்கு அடியில தண்ணி சொட்டுகே, ரிப்பேரா?

ரிப்பேர் இல்லை, நல்லது. முதல் பதிலில் சொன்ன தண்ணீர்தான் அது. கவலைப்படவேண்டியது சொட்டாமல் போனால்தான். புழுக்கமான நாளில் ஏசியைக் கால் மணி நேரம் ஓடவிட்டு நிறுத்தி, முன்பக்கம் இடது சீட்டுக்கு நேர் அடியில் பாருங்கள். ரோடு காய்ந்திருந்தால் குழாய் அடைத்திருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

முன் சீட்டு காலடியில ஃப்ளோர் மேட்டுக்கு அடியில ஈரமா கிடக்கு. மழைத்தண்ணியா, ஏசித் தண்ணியா?

இதைச் சரியாகப் பிரித்துப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மழை பெய்யாத நாட்களில், ஏசி போட்டு ஓட்டிய பிறகு மட்டும் நனைந்தால், அடைத்துக்கொண்ட ட்ரெயின் ட்யூப். தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தட்டு நிரம்பி உள்ளே வழிகிறது. வளைவில் திரும்பும்போது டேஷ்போர்டுக்குள் தண்ணீர் தளும்புகிற சத்தம்கூடச் சில வண்டிகளில் கேட்கும். வண்டியைத் தூக்கி நிறுத்தி, கீழிருந்து குழாயின் வாயைச் சுத்தம் செய்தால் கெட்ட தண்ணீர் கொட்டும். சின்ன வேலைதான். கூரான கம்பியை மேலே குத்தவேண்டாம், காயிலில் பட்டால் ஓட்டை விழும்.

ஏசி போடாத நாளிலும் மழைக்குப் பிறகு நனைந்தால், கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கிற இடத்தைப் பாருங்கள். அங்கே ஒரு வலை மூடி உண்டு, அதன் அடியில் மழைநீர் இரண்டு ஓரமும் வடிந்து போக வழி இருக்கும். ரப்பர் மரம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இலை உதிர்க்கிறது. அந்த இலைகள் வலைக்குள் நுழைந்து, மக்கி, வடிகாலை அடைக்கின்றன. கோடையில் ஒன்றும் தெரியாது. ஜூனில் முதல் பெருமழை வந்ததும் தண்ணீர் வடிய வழியின்றி ப்ளோயர் வாய் வழியாகக் காருக்குள் இறங்கும். மார்ச் மாதம் பானெட்டைத் திறந்து, கைவிட்டு அந்த இலைகளை அள்ளிவிடுங்கள். மாவட்டத்தின் மேற்குப் பக்கத்து வண்டிக்காரர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

எந்தத் தண்ணீராக இருந்தாலும் நனைந்த கார்ப்பெட்டுக்கு அடியில் பஞ்சுபோன்ற கனமான அடுக்கு இருக்கிறது. மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் அது வாரக்கணக்கில் ஈரத்தை வைத்திருக்கும். ஓரத்தைத் தூக்கி அடியில் பழைய செய்தித்தாளைச் செருகி அழுத்திப் பாருங்கள். தாள் நனைந்தால் கார்ப்பெட்டைத் தூக்கிக் காயவைக்காமல் எந்த ஸ்ப்ரேயும் பலிக்காது.

கடையில ஏசி க்ளீனர் ஸ்ப்ரே கிடைக்குதே, நானே அடிக்கலாமா?

வாடை லேசாக இருந்தால் அடிக்கலாம். இரண்டு வகை உண்டு. ஒன்று, டப்பாவைக் காலடியில் வைத்து அமுக்கிவிட்டுக் கதவைச் சாத்தினால் தானே புகையாகப் பரவும் வகை. ஏசியை உள்காற்றுச் சுழற்சியில் வைத்து ஓடவிட்டு, எல்லோரும் வெளியே நிற்கவேண்டும். அட்டையில் சொன்ன நேரம் முடிந்ததும் நான்கு கதவையும் திறந்து நன்றாகக் காற்று வாங்கவிடுங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. இது காற்றுப் பாதையைச் சுத்தப்படுத்தும், காயிலில் அப்பியிருக்கிற அழுக்கைக் கரைக்காது.

மற்றது நுரை வகை. ட்ரெயின் ட்யூப் வழியாகவோ, ஃபில்டர் இருக்கிற வாய் வழியாகவோ மெல்லிய குழாயை விட்டுக் காயில் மேல் நுரையை நிரப்புவது. கொஞ்ச நேரத்தில் நுரை உடைந்து கறுப்புத் தண்ணீராகக் கீழே வடியும். வடிகிற தண்ணீரைப் பார்த்தால் இதுவரை எதைச் சுவாசித்தோம் என்று தெரியும். இதுதான் உண்மையில் வேலை செய்கிற முறை. ப்ளோயர் மோட்டார், ஒயர் இணைப்புகள் நனையக்கூடாது என்பதால், பழக்கமில்லாதவர்கள் ஒர்க்‌ஷாப்பில் செய்துகொள்வது நல்லது. நுரை அடிப்பதற்கு முன் ட்யூப் அடைப்பில்லாமல் இருக்கவேண்டும். இல்லையென்றால் முந்தைய பதிலில் சொன்ன அதே வெள்ளம் காலடியில் வரும்.

டெட்டால், ப்ளீச்சிங் பவுடர் தண்ணி, வினிகர் இதெல்லாம் வீட்டுலயே கிடக்கு. அதை அடிச்சா என்ன?

காயில் அலுமினியம். ப்ளீச்சிங் கரைசல் அதை அரிக்கும், அதன் நெடி மூச்சுக்கும் ஆகாது. வினிகர் அமிலம், அதுவும் நாளடைவில் அரிக்கும். இந்த இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று அடித்தால் குளோரின் வாயு வரும், உயிருக்கே ஆபத்து. டெட்டால் ஊற்றினால் அந்த வாசனை மாதக்கணக்கில் போகாது. நூறு ரூபாய் மிச்சம்பிடிக்கப் போய்க் காயிலில் ஓட்டை விழுந்தால் செலவு ஆயிரங்களில் நிற்கும்.

ஹீட்டர் போட்டு ஓடவிடச் சொல்லுகீங்க. நம்ம ஊரு வெயில்ல ஹீட்டரா?

ஆமாம். நம் ஊரில் அந்தக் குமிழை யாரும் தொடுவதே இல்லை, ஆனால் காயிலைக் காயவைக்க அதைவிட எளிய வழி கிடையாது. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, திறந்த வெளியில் வண்டியை நிறுத்தி, ஏசி பட்டனை அணைத்து, சூட்டை முழுதாகத் திருப்பி, ஃபேனை வேகமாக வைத்துப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். நீங்கள் வெளியே நில்லுங்கள். மூடிய ஷெட்டுக்குள் மட்டும் செய்யாதீர்கள். எஞ்சின் புகை தேங்கினால் ஆளைக் கொல்லும்.

இதில் பலர் தவறவிடுகிற விஷயம் ஒன்று உண்டு. காற்றைச் சூடாக்குகிற பாகமான ஹீட்டர் கோர், காற்றுப் பாதையில் கூலிங் காயிலுக்குப் பின்னால்தான் வரும். வெளிக்காற்றை இழுத்தால் சூடு காயிலில் படாமல் நேராகக் காருக்குள் வந்துவிடும். அதனால் உள்காற்றுச் சுழற்சியில் வையுங்கள். சூடான காற்று திரும்பக் காயில் வழியாகப் போய் அதை உலர்த்தும். ஈரம் வெளியேறக் கண்ணாடிகளை இரண்டு விரல் அளவு இறக்கிவையுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை செய்தால் வித்தியாசம் தெரியும்.

தினமும் ஓட்டும்போது வாடை வராம இருக்க என்ன செய்யணும்?

வீடு சேர ஐந்து நிமிடம் இருக்கும்போது ஏசி பட்டனை மட்டும் அணைத்து, ஃபேனைக் கூட்டி, வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள். நாகர்கோவில் வடசேரியில் வீடு என்றால் பார்வதிபுரம் மேம்பாலத்திலிருந்து இறங்கும்போது அணைத்துவிடலாம். வெளிக்காற்றே ஈரமாக இருக்கிற நாளிலும், காயில் குளிர்ச்சி விட்டு வழிகிற தண்ணீர் வடிந்துபோகும். கொட்டும் மழையில் கண்ணாடியில் ஆவி படிந்தால் மட்டும் ஏசியை அணைக்காதீர்கள், ரோடு தெரிவது முக்கியம்.

குளச்சல்ல மீன் வாங்கிட்டு வந்தோம். பைய டிக்கியில வெக்காம முன்னால காலடியில வெச்சிட்டோம். இப்ப ஏசி போட்டாலே மீன் நாத்தம்.

உள்காற்றுச் சுழற்சிக்கான வாய் பல கார்களில் க்ளவ் பாக்ஸுக்குக் கீழே, இடது காலடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே எதை வைத்தாலும் அதன் வாசனை நேராக ஏசிக்குள் இழுக்கப்படும். மீனோ, கருவாடோ, பழுத்த சக்கையோ (பலாப்பழம்) மூடியுள்ள பெட்டியில் டிக்கியில் போகட்டும்.

சிந்திய மீன்தண்ணீரை முதலில் குளிர்ந்த நீரால் ஒற்றி எடுங்கள். சமையல் சோடாவைத் தூவி ஒரு ராத்திரி விட்டு, வாக்குவம் க்ளீனரால் உறிஞ்சுங்கள். அடி அடுக்குவரை இறங்கியிருந்தால் கார்ப்பெட்டைத் தூக்கித்தான் கழுவவேண்டும். அதற்குப் பிறகு ஃபில்டரை மாற்றுங்கள். வரிசை மாறினால் புது ஃபில்டரும் நாறும்.

இது பூஞ்சை வாடை இல்ல, ஏதோ செத்த நாத்தம். நாளுக்கு நாள் கூடுது.

எலி. ஃபில்டர் அறையும் ப்ளோயரும் அதற்குப் பிடித்த இடங்கள். ஃபில்டரைக் கடித்துக் கூடு கட்டி, ரப்பர் விதையையும் துணித்துண்டையும் சேர்த்து வைத்திருக்கும். ஃபேனைப் போடாதீர்கள், துணுக்குகள் காற்றுப் பாதை முழுக்கச் சிதறும். முகக்கவசமும் கையுறையும் போட்டு எடுத்து, ஃபில்டரை மாற்றி, நுரை சுத்தம் செய்யவேண்டும். எலிப்பாஷாணத்தைக் காருக்குள் வைப்பதால்தான் எலி உள்ளேயே சாகிறது. வண்டி நிற்கிற இடத்தில் நெல்லும் தேங்காயும் குவித்து வைக்காமல் இருப்பதே முதல் காவல்.

ஓசோன் போட்டா எல்லாம் போயிரும்னு சொல்லுகாங்க. போடலாமா?

சீட்டு, கூரைத் துணி இவற்றில் ஏறிய சிகரெட் வாடைக்கு உதவும். காயிலில் அழுக்கு அப்படியே இருந்தால் சில வாரத்தில் பூஞ்சை திரும்ப வரும். ஆகவே சுத்தம் செய்து முடித்த பிறகு, கடைசியில்தான் ஓசோன். அது நுரையீரலை எரிக்கிற வாயு. ஓசோன் மெஷின் ஓடும்போது ஆளோ வளர்ப்புப் பிராணியோ உள்ளே இருக்கக்கூடாது, பிறகு கதவுகளைத் திறந்து நன்றாக ஆறவிடவேண்டும். அடிக்கடி போட்டால் கதவோரத்து ரப்பர் பீடிங் வெடிப்பு விடும்.

டேஷ்போர்டை இறக்கிக் காயிலைக் கழுவணும்னு ஒர்க்‌ஷாப்பில சொல்லுகாங்க. உண்மையிலேயே தேவையா?

பெரும்பாலும் தேவைப்படாது. ஃபில்டர், ட்யூப், நுரை மூன்றும் முறையாகச் செய்தும் வாடை போகவில்லை, ஃபேனை முழு வேகத்தில் வைத்தும் காற்று குறைவாக வருகிறது என்றால் மட்டும் யோசிக்கலாம். பல வண்டிகளில் ப்ளோயரைக் கழற்றினால் சின்ன கேமராவை விட்டுக் காயிலின் முகத்தைப் பார்க்க முடியும். படத்தைக் காட்டச் சொல்லுங்கள். தகடுகளே தெரியாமல் சாம்பல் நிறப் போர்வை மாதிரி அழுக்கு மூடியிருந்தால் கழற்றுவது நியாயம்.

காயிலைக் கழற்றினால் கேஸை எடுத்துத்தான் ஆகவேண்டும். அந்த ஒரு சமயத்தில் கேஸ் செலவு சரியானது. மெஷினில் உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள், காற்றில் திறந்துவிடக் கூடாது. ஆர்-134ஏ பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். திரும்ப மாட்டும்போது இணைப்புகளில் கசிவைத் தடுக்கிற ஓ-ரிங் ரப்பர் வளையங்களை மாற்றி, குழாய்க்குள் இருக்கிற காற்றை உறிஞ்சி வாக்குவம் பிடித்து, எடை பார்த்து கேஸ் ஏற்றவேண்டும்.

வாடை கொஞ்சம் இனிப்பா, பாகு மாதிரி இருக்கு. இதுவும் பூஞ்சையா?

இல்லை. ஹீட்டர் கோரிலிருந்து, எஞ்சினைக் குளிரவைக்கிற திரவமான கூலன்ட் கசிகிறது. முன் கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் படலம் படியும், கூலன்ட் அளவு இறங்கும். அது விஷம், உடனே காட்டுங்கள். பெட்ரோல் வாடையோ ஒயர் கருகிய வாடையோ வந்தால் வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்து இறங்கிவிடுங்கள். அழுகிய முட்டை நாற்றம் என்றால் பேட்டரி அளவுக்கு மேல் சார்ஜ் ஆகிறதா என்று பார்க்கவேண்டும். இவை எதுவும் தள்ளிப்போடுகிற விஷயங்கள் அல்ல.

பிள்ளைக்கு இழுப்பு உண்டு. கார்ல ஏறினாலே இருமுது.

பூஞ்சை வித்துகள் ஆஸ்துமாவைத் தூண்டும். மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள். காயில் சுத்தமாகும்வரை, பிள்ளை ஏறுவதற்கு முன் எல்லாக் கண்ணாடியையும் இறக்கி ஃபேனை இரண்டு நிமிடம் முழு வேகத்தில் ஓடவிடுங்கள். இந்த வேலையை மட்டும் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

எல்லாம் செஞ்சாச்சு. இப்ப ஓடும்போது வாடை இல்ல, சிக்னல்ல நின்னா மட்டும் ஒரு புளிச்ச வாடை வந்து போகுது.

கம்ப்ரஸர் விட்டுவிட்டு ஓடும். அது நிற்கிற நேரத்தில் காயில் லேசாகச் சூடாகி, படிந்திருந்த ஈரம் ஆவியாகிறது, அதோடு மிச்ச வாடையும் கிளம்புகிறது. சிக்னலில் எஞ்சின் தானாக அணைகிற வண்டிகளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். சுத்தம் முழுமையாகவில்லை என்பதே பொருள். இன்னொரு முறை நுரை, பிறகு ஹீட்டர் முறையில் உலர்த்தல். பெரும்பாலும் அதோடு நின்றுவிடும்.

பழைய கார் ஒண்ணு பார்த்திருக்கேன். பெர்ஃப்யூம் அடிச்சு மறைச்சிருந்தா எப்படிக் கண்டுபிடிக்க?

காலையில் முதல் ஆளாகப் போங்கள், விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கதவைத் திறந்ததும் ஒருமுறை மூச்சிழுங்கள். ஏசி இல்லாமல் ஃபேனை மட்டும் போடுங்கள், பிறகு ஏசியைப் போடுங்கள், ஐந்து நிமிடம் கழித்து ஏசியை அணைத்து ஃபேனை மட்டும் ஓடவிடுங்கள். மறைத்த வாடை அந்த மூன்றாவது கட்டத்தில் வெளியே வரும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை உருவிப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி. 2017 ஒக்கிப் புயலிலும் 2021 நவம்பர் மழையிலும் நம் மாவட்டத்தில் வெள்ளம் எங்கெல்லாம் ஏறியது என்று உங்களுக்கே தெரியும். வாடை மட்டும் என்றால் மேலே சொன்ன வேலைகளுக்கான செலவை விலையில் குறைத்துக் கேட்கலாம். கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்க்க விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் அந்த வண்டி வேண்டாம்.